அன்றாடச் சமையலுக்கு ஒரு கார சாஸ்: எந்த பாட்டில் நம் அடுப்புக்குச் சரிப்படும்?

மளிகைக் கடையில் சில்லி சாஸ் என்று கேட்டால் ஒரு காலத்தில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, அவ்வளவுதான். இன்று பாண்டிச்சேரியின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் கார சாஸுக்கென்றே அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டபாஸ்கோ, தாய்லாந்து ஊர்ப்பெயர் தாங்கிய ஸ்ரீராச்சா, பெரி பெரி, பூத் ஜொலோகியா மிளகாய் படம் போட்ட உள்நாட்டு பாட்டில்கள் என்று வரிசை நீள்கிறது. கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகளிலும் இவற்றில் சில கிடைக்கின்றன. விருந்தாளி வரும்போது மட்டும் எடுப்பதற்கல்ல. தினமும் உலை வைக்கிற வீட்டில் காலைத் தோசைக்கும் மதிய மீனுக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் கை நீட்டி எடுக்கிற பாட்டிலாக இருக்க வேண்டும் என்றால் எதை வாங்குவது?

பெரும்பாலானவர்கள் எது அதிகக் காரம் என்று பார்த்து எடுக்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. மிளகாயின் காரத்தை அளக்கும் அளவையை 1912-இல் அமெரிக்க மருந்தாளுநர் வில்பர் ஸ்கோவில் வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சுவைப்பவர் நாக்கில் உறைப்பே தெரியாமல் போகும்வரை நீர்க்க வைப்பது அவருடைய முறை. அந்தக் கணக்கில் டபாஸ்கோ சிவப்பு சாஸ் 2,500 முதல் 5,000 வரை வரும். ஸ்ரீராச்சா அதைவிடவும் குறைவு. நம் வீட்டு டப்பாவில் இருக்கும் குண்டூர் சன்னம் மிளகாயோ 30,000-ஐத் தாண்டும். உறைப்புதான் வேண்டும் என்றால் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் அந்த வேலையைக் காலணாச் செலவில் முடித்துவிடும்.

அப்படியானால் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு எதற்கு? புளிப்புக்கு. பூண்டு மணத்துக்கு. நொதித்த மிளகாயின் வாசத்துக்கு. பல நேரங்களில், வாங்குகிறவருக்குத் தெரியாமலே, சர்க்கரைக்கும் தண்ணீருக்கும். ஒரு பாட்டில் நம் அடுப்புக்குச் சரிப்படுமா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் பாட்டிலின் முதுகு

இந்தியாவில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. எது அதிகமோ அது முதலில் வரும். மிளகாய் முதலில் வந்தால் அது மிளகாய் சாஸ். தண்ணீர், சர்க்கரை, அதற்குப் பிறகு மிளகாய் என்று வந்தால் மிளகாய் வாசம் அடித்த சர்க்கரைப் பாகைத்தான் வாங்குகிறீர்கள். நடுவில் வரும் எண்களைக் கண்டு மிரளத் தேவையில்லை. 415 என்பது சாந்தன் கம். சாஸ் பிரியாமல் கெட்டியாக நிற்பதற்காகச் சேர்ப்பது. 260 என்பது வினிகரின் புளிப்பான அசெட்டிக் அமிலம். 211, 202 இரண்டும் கெடாமல் காக்கும் பொருள்கள். 102, 133 என்று பார்த்தால் மட்டும் நான் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன். முன்னது மஞ்சள் சாயம், பின்னது நீலச் சாயம். இரண்டும் கலந்தால் பச்சை. பச்சை மிளகாயைப் பச்சையாகக் காட்ட இத்தனை பாடு எதற்கு?

உப்பும் பார்க்க வேண்டியது. உலகச் சுகாதார அமைப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. சோடியக் கணக்கில் அது 2,000 மில்லிகிராம். நம் லேபிள்களில் 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 20-ஆல் வகுத்தால் ஒரு தேக்கரண்டிக்கு எவ்வளவு என்பது ஏறக்குறைய வந்துவிடும். டபாஸ்கோவில் தேக்கரண்டிக்கு 35 மில்லிகிராம்தான். பல சாஸ்களில் இது பல மடங்கு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் புழங்குகிற வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

வினிகர் சாஸ்: ஒல்லி பாட்டில்

டபாஸ்கோவை இந்த வகைக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஏவரி தீவு என்ற இடத்தில் எட்மண்ட் மக்கில்ஹென்னி என்பவர் 1868-இல் இதைத் தொடங்கினார். அந்தத் தீவே ஓர் உப்புப் பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பழுத்த மிளகாயை உப்போடு அரைத்து ஓக் மரப் பீப்பாய்களில் மூன்றாண்டு வரை ஊற வைத்து, பிறகு வினிகர் கலந்து வடிகட்டுகிறார்கள். சேர்மானம் மூன்றே மூன்று: வினிகர், மிளகாய், உப்பு. சர்க்கரையும் இல்லை, கெட்டிப்படுத்தும் மாவும் இல்லை. அந்த மிளகாய் நம் ஊர் ஊசி மிளகாயின் இனத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் காந்தாரி என்பார்களே, அதற்குச் சொந்தம்.

இது தண்ணீராக இருப்பதால் முதலில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ள முடியாது, சொட்டுத்தான் விட முடியும். ஆனால் சமையலில் அதுதான் அதன் பலம். முட்டை அடையில், நெய் விட்ட வெறும் பருப்புச் சாதத்தில், வறுத்த நெத்திலியின் மேல் நான்கு சொட்டு விட்டால் அந்தப் பண்டத்தின் சுவை மாறாது, ஆனால் நாக்கு விழித்துக்கொள்ளும். வேறு எந்த பாட்டிலும் பண்டத்தை இப்படி விட்டுவைப்பதில்லை. தன் சுவையைப் பூசிவிட்டுத்தான் ஓயும்.

மீனுக்கு மசாலா தடவும்போது இதன் அருமை நன்றாகத் தெரியும். முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த கை அகலச் சங்கராவை இருபுறமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, எலுமிச்சைச் சாற்றின் இடத்தில் இரண்டு தேக்கரண்டி வினிகர் சாஸை விட்டுக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். கீறலுக்குள் மசாலா இறங்கி, கல்லில் போட்டதும் தோல் மொறுமொறுவென்று எழும்பும். முதல் நிமிடம் நெடி ஏறும், அடுப்படி ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. நெடி அடங்கும்போது வினிகரின் காட்டமும் போய், மிளகாயின் பழுத்த வாசம் மட்டும் மீனில் தங்கியிருக்கும். எலுமிச்சை இதைத் தராது. ஆனால் எலுமிச்சையும் பச்சை மிளகாயுமே போதும், அந்த நொதித்த வாசம் தனக்கு வேண்டாம் என்கிறவர் இந்த பாட்டிலுக்குச் செலவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறை என்று பார்த்தால் விலை. கைக்கு அடங்குகிற பாட்டிலுக்குக் கொடுக்கிற தொகையை மில்லிலிட்டரால் வகுத்தால் உள்நாட்டு சாஸ்களைவிடப் பல மடங்கு வரும். சொட்டுச் சொட்டாக விழும்படி வாயை அமைத்திருப்பதால் நீண்ட நாள் வரும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

பூண்டு மணக்கும் கெட்டி சாஸ்

ஸ்ரீராச்சா என்பது தாய்லாந்தின் சோன்புரி மாகாணத்தில் இருக்கும் ஒரு கடற்கரை ஊர். பெயர் அங்கிருந்து வந்தாலும், உலகம் முழுவதும் அதைப் பரப்பிய பச்சை மூடி பாட்டில் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. வியட்நாமிலிருந்து அகதியாகக் கப்பலேறிய டேவிட் டிரான், தன்னை ஏற்றி வந்த கப்பலின் பெயரையே வைத்து ஹுய் ஃபாங் நிறுவனத்தை 1980-இல் தொடங்கினார். சிவந்த ஹாலப்பீன்யோ மிளகாய், சர்க்கரை, உப்பு, பூண்டு, வினிகர் என்பது அவருடைய சேர்மானம். மெக்சிகோவில் மழை பொய்த்து மிளகாய் விளைச்சல் விழுந்தபோது, 2022-இல் அந்த பாட்டிலுக்கு அமெரிக்காவில் பெரும் தட்டுப்பாடு வந்தது.

ஸ்ரீராச்சா என்ற பெயரை அவர் தனக்கென்று பதிவு செய்துகொள்ளவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சாஸ் போடலாம், போடுகிறார்கள். நம் கடைகளில் அந்தப் பெயரோடு நிற்கும் இரண்டு பாட்டில்களுக்குள் சர்க்கரை அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். ஒன்று பூண்டுத் துவையலுக்குப் பக்கத்தில் வரும், இன்னொன்று தக்காளிக் கெச்சப்பின் தம்பியாக இருக்கும். முன்னால் இருக்கும் பெயரை நம்பாமல் பின்னால் இருக்கும் வரிசையைப் பார்த்து, மிளகாய்க்குப் பின்னால் சர்க்கரை வருகிற பாட்டிலை எடுப்பதே வழி.

இந்த வகை சாஸ் வினிகர் சாஸைப் போல அடங்கி நிற்காது. போட்ட பண்டத்தைத் தன் சுவைக்கு மாற்றிவிடும். அதனால் குழம்பு, ரசம் பக்கம் இதற்கு இடமில்லை. மாலைச் சிற்றுண்டியில் மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மீந்த இட்லியை உதிர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம் தாளித்த வாணலியில் இந்த சாஸில் இரண்டு தேக்கரண்டி விட்டு எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, அதன்மேல் இட்லியைக் கொட்டிக் கிளறினால் பூண்டு வாசம் எல்லா உதிரியிலும் ஏறிவிடும். சப்பாத்திச் சுருள், முட்டைப் பொரியல், சேமியா, நூடுல்ஸ், பரோட்டாவைப் பிய்த்துப் போட்ட கொத்து, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பசியோடு வந்து நிற்கும் நேரத்தில் பூண்டு உரித்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எண்ணெயில் புரட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாயின் உறைப்பைத் தரும் காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எண்ணெயோடு சேர்ந்தால் ஓரிடத்தில் சுள்ளென்று குத்தாமல் பரவலாக, மிதமாக நிற்கும். காரம் தாங்காத குழந்தைக்கு வெண்ணெயில் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடும். தண்ணீர் குடித்துக் காரத்தை அணைக்க முடியாததும் இதனால்தான்; ஒரு வாய் மோரோ பாலோ உதவும்.

மீன் வறுவலுக்கு மட்டும் இதைத் தடவாதீர்கள். சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். காய்ந்த தோசைக்கல் அதை எளிதாகத் தாண்டிவிடும். மசாலா ஓரத்தில் கறுத்துத் தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் பார்த்தால் முள்ளை ஒட்டிய சதை இன்னும் வெந்திருக்காது. இந்தச் சுவை மீனில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வெறும் உப்பு மஞ்சளில் மீனை வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு மேலே பூசிக்கொள்ளலாம்.

பாண்டிச்சேரிக்கு இந்தச் சுவை அப்படியொன்றும் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்கும் படைக்கும் போனவர்கள் ஏராளம். அங்கே மணமுடித்துத் திரும்பியவர்களும் உண்டு. நெம் என்ற வியட்நாம் சுருள் பலகாரம் அப்படித்தான் இந்த ஊருக்குப் பழக்கமானது. அதற்கு வியட்நாமில் தொட்டுக்கொள்வது மீன் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, நறுக்கிய மிளகாய் எல்லாம் கலந்த ஒரு நீர்ச் சாஸ். இனிப்பு, புளிப்பு, பூண்டு, காரம் என்ற அதே கூட்டணிதான் ஸ்ரீராச்சாவிலும் இருக்கிறது.

நம் கடைச் சிவப்பும் பச்சையும்

இவை சீன வகை உணவுக்காகச் செய்யப்பட்டவை. ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ் மூன்றும் வாரத்தில் பல நாள் அடுப்பேறுகிற வீட்டில் இவற்றுக்கு வேலை இருக்கிறது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். சோயா சாஸோடு சேர்த்து அதிகத் தீயில் புரட்டும்போது இவற்றின் மாவுத் தன்மை பண்டத்துக்கு ஒரு பளபளப்பைத் தருகிறது. தனியாக நக்கிப் பார்த்தால் உப்பும் வினிகரும்தான் முன்னால் நிற்கும், மிளகாய் எங்கோ பின்னால். முதலியார்பேட்டையில் இருக்கும் என் அத்தை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதில் மிளகாய் எங்கேயடா இருக்கிறது?” என்று கேட்டார். லேபிளில் நான்காவது இடத்தில் இருந்தது.

தக்காளியும் மிளகாயும் கலந்த இனிப்புக் கார சாஸ் வேறு ஒரு இனம். சமோசாவுக்கும் பஜ்ஜிக்கும் தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். அதைச் சமையலில் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. தக்காளித் தொக்கு செய்யத் தெரிந்த வீட்டுக்கு அது எதைப் புதிதாகக் கொண்டு வருகிறது?

ஹரிஸ்ஸாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் உறவினர் இருக்கிற பாண்டிச்சேரிக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். குழாயிலும் டப்பாவிலும் வருகிற துனிசியா நாட்டு மிளகாய் விழுது. காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, ஒரு வகைச் சீரகம், உப்பு, ஆலிவ் எண்ணெய். 2022-இல் யுனெஸ்கோ இதைத் துனிசியாவின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அருமையான பண்டம்தான், ஆனால் இது மிளகாய்த் துவையலுக்கு மிக அருகில் வருகிறது. அம்மியோ மிக்ஸியோ இருக்கிற வீட்டில் இதற்கென்று தனியாகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

வீட்டிலேயே போட்டால்?

போடலாம்; மாதத்துக்கு ஒரு பெரிய பாட்டில் காலியாகிற வீட்டில் போடவே வேண்டும். பச்சை மிளகாய் விற்கிறவர்கள் பழுத்துச் சிவந்ததைத் தனியே ஒதுக்குவார்கள். பெரிய மார்க்கெட்டிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ வழக்கமாக வாங்கும் அக்காவிடம் சொல்லி வைத்தால் எடுத்துக் கொடுப்பார்.

கால் கிலோ பழமிளகாயைக் கழுவித் துடைத்து, காம்பு நீக்கி, பத்துப் பல் பூண்டும் எட்டு கிராம் உப்பும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சுத்தமான கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பாமல் போட்டு, மூடியை லேசாகத் திருகி நிழலில் வைக்க வேண்டும். நம் கடற்கரை வெக்கையில் மறுநாளே குமிழி கிளம்பும். தினமும் ஒருமுறை திறந்து காற்றை வெளியேற்றி, மேலே எழும்பியதைச் சுத்தமான கரண்டியால் அழுத்திவிட வேண்டும். நான்கைந்து நாளில் பச்சை வாடை போய் மாங்காய் ஊறிய மாதிரி ஒரு புளிப்பு வாசம் வரும். அதுதான் பதம். பிறகு 60 மில்லிலிட்டர் வினிகர் விட்டு நைசாக அரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை கண்டால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வினிகரைக் குறைக்கவும் கூடாது. புளிப்பு போதுமான அளவு இருந்தால்தான், அதாவது புளிப்பு ஏற ஏறக் குறைகிற பி.எச். என்ற அளவு 4.6-க்குக் கீழே இருந்தால்தான், போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளராது. புளிப்பே இல்லாமல் பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் மட்டும் ஊற வைத்து அலமாரியில் வாரக் கணக்கில் வைக்கிற பழக்கம் இப்போது பரவுகிறது. அதை நான் என் வீட்டில் அனுமதிக்க மாட்டேன்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். வெள்ளை வினிகர் பலவும் நொதிக்க வைத்துச் செய்ததல்ல, அசெட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்தது. அதைச் செயற்கை என்று அச்சிட்டிருப்பார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, காட்டம் மட்டும் தூக்கலாக இருக்கும்.

அடுப்பில் எப்போது ஊற்றுவது

பாட்டில் எதுவானாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவது வீண். புளியின் புளிப்பு வேறு, வினிகரின் புளிப்பு வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், அது ஆவியாகாது. குழம்பைச் சுண்டச் சுண்டக் கொதிக்க வைத்தாலும் புளிப்பு அப்படியே இருக்கும், இன்னும் செறிவாகும். வினிகரில் இருப்பது ஆவியாகிற புளிப்பு. காய்ந்த வாணலியில் நேராக ஊற்றினால் பாதி நெடியாகி மூக்கில்தான் ஏறும். வத்தக்குழம்பில் புளிக்குப் பதிலாகச் சாஸ் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பயனில்லை என்பது இதனால்தான். இறக்கும்போது விட வேண்டும், அல்லது இலையில் விட வேண்டும்.

சுண்டலிலும் உருளைக்கிழங்கிலும் இன்னொரு சிக்கல். வேகும்போதே புளிப்பு சேர்ந்தால் காய்கறியின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகாது. கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் விறைத்தே இருக்கும். புளிக்குழம்பில் காயை முன்னதாக வேக வைத்துக்கொண்டு பிறகு புளி கரைத்து ஊற்றுகிற வழக்கம் எதற்கென்று இப்போது புரியும். சாஸுக்கும் அதே சட்டம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் விற்கிற சுண்டல் மாதிரி வீட்டில் செய்து, தேங்காயும் மாங்காயும் தூவி, கடைசியில் வினிகர் சாஸ் சில சொட்டு விட்டுப் பாருங்கள். மிளகாய்ப் பொடி தேவைப்படாது.

தேங்காய்ப்பால் சேர்த்த குருமாவில் கொதிக்கும்போது எந்தப் புளிப்புச் சாஸையும் விடாதீர்கள், திரிந்துவிடும். தட்டில் விட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டிலே வேண்டாத இடங்களும் உண்டு. தயிர்ச் சாதத்துக்கு எந்த நாட்டுச் சாஸும் மோர் மிளகாயின் பக்கத்தில் வர முடியாது. அங்கே வேண்டியது புளிப்பல்ல, உப்பும் கருகல் வாசமும் மொறுமொறுப்பும். மீன் குழம்புக்குத் தாளிக்கிற வடகம் கடலூர், பாண்டிச்சேரி வீடுகளின் சொத்து. வெங்காயம், பூண்டு, வெந்தயம், கடுகு எல்லாம் வெயிலில் காய்ந்து எண்ணெயில் விழும்போது எழுகிற மணத்தின்மேல் பூண்டு சாஸை ஊற்றுவது அதிகப்பிரசங்கித்தனம்.

எந்த வீட்டுக்கு எது

கடலோரத்து வீடு, வாரத்தில் மூன்று நான்கு நாள் மீன், குழம்பும் ரசமும் தவறாது என்றால் என் வாக்கு வினிகர் சாஸுக்கு. அந்த வீட்டில் பூண்டு புதிதாக இருக்கிறது, காரம் டப்பாவில் இருக்கிறது, புளி குழம்பில் இருக்கிறது. சமைக்காமல் கடைசி நொடியில் சேர்க்கக்கூடிய ஒரு புளிப்புக் காரம்தான் இல்லை, அதை இது தருகிறது. டபாஸ்கோதான் வேண்டும் என்பதில்லை. வினிகர், மிளகாய், உப்பு என்று மூன்றோடு நிற்கிற எந்த உள்நாட்டு பாட்டிலும் சரி. எங்கள் வீட்டில் இருப்பது இதுதான்.

இருவரும் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் சப்பாத்தி, நூடுல்ஸ், முட்டை, மீந்த இட்லி தோசையை வைத்துச் சமாளிப்பதே பெரும்பாடு என்கிற வீட்டுக்கு பூண்டு சாஸ்தான் சரி. மிளகாய் முதலிடத்தில் இருக்கும் பாட்டிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெரிய பாட்டில் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். திறந்த பிறகு பூண்டு மணம் வாரா வாரம் மங்கிக்கொண்டே போகும், சிவப்பும் பழுப்படையும். சின்ன பாட்டிலாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்குவதே மேல். வினிகர் சாஸுக்கு அந்தக் கவலை இல்லை, அடுப்புச் சூடு படாத அலமாரியிலேயே இருக்கலாம்.

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதென்றாலும் வினிகர் சாஸ்தான்: கெடாது, சிந்தாது, விடுதிச் சாம்பாரைக்கூட ஓரளவு நிமிர்த்திவிடும். வாங்குவதற்குக் கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் பாண்டிச்சேரி போகிறவர்கள் திரும்பும் வழியில், ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பையில் பாட்டில் உரசுகிற சத்தம் கேட்டுத் திறந்து காட்டச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பில்லை மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.